முள்ளம்பன்றி கடித்த துப்பாக்கி

ஹில்மா என்னைப் பார்த்த பார்வையை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாவிட்டால், அறுபத்திரண்டு வயதில் நான் எதற்கு இன்னொரு துப்பாக்கி வாங்கப் போனேன் என்பது யாருக்கும் விளங்காது.

ஹில்மா என் நாய். வெள்ளை உடம்பில் கறுப்புப் புள்ளி தெளித்த, செட்டர் என்கிற வேட்டை நாய்ச் சாதி. அந்தப் பெயர் என் மனைவி ஹெல்வியின் சித்தி பெயர். சித்திக்கும் இதே மாதிரி கண்ணைத் தாழ்த்திப் பார்க்கிற வழக்கம் உண்டு. ஆஸ்பென் மரக் காட்டுக்குள் கௌதாரியின் வாடை மூக்கில் ஏறிவிட்டால் ஹில்மா ஒரு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு அப்படியே நிற்பாள். வால் நுனிகூட ஆடாது. பறவை விழும்வரை அவள் வேலை அதோடு முடிந்தது. பறவையைக் கிளப்பிச் சுடுவது என் வேலை. அவள் தன் வேலையை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. நான் என் வேலையை ஒரு நாளும் சரியாகச் செய்ததில்லை.

நான் குறி தவறுவது புதிதல்ல. முன்பெல்லாம் பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான். ஹில்மா வந்த பிறகு ஒவ்வொரு தவறுக்கும் சாட்சி இருந்தது. முதல் வருடம் பறவை பறந்து போனதும் அது போன திசையைப் பார்ப்பாள். இரண்டாம் வருடம் என்னைப் பார்த்தாள். மூன்றாம் வருடம், எண்பத்தாறு அக்டோபரில், நான் சுட்டதும் என்னைத் தாண்டி கிளாரன்ஸைப் பார்க்க ஆரம்பித்தாள்.

கிளாரன்ஸ் ட்ரெகியர் என் கூட்டாளி. நாற்பது வருடம் மாவட்டச் சாலைத் துறையில் இருவரும் பனி தள்ளும் வண்டி ஓட்டினோம். அவன் ஆறடி மூன்று அங்குலம், நான் ஐந்தடி நாலு. அவனிடம் ஒரு பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. நான் கோட்டை விட்ட பறவையை அவன் சாவகாசமாக, கொட்டாவி விடுகிறவன் போல் வீழ்த்துவான். ஹில்மா ஓடிப் போய் அதைக் கவ்வி வந்து அவன் கையில் கொடுப்பாள். நாய்க்குச் சோறு போடுவது நான், பறவை வாங்குவது அவன்.

ஒரு வெள்ளிக்கிழமை காடு முடிந்து திரும்பியபோது, என் வண்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். ஹில்மா என் வண்டியைப் பார்த்தாள், நடந்து போய் கிளாரன்ஸ் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"நான் கூப்பிடல," என்றான் கிளாரன்ஸ்.

"நீ கூப்பிட்டேன்னு யாரு சொன்னா?"

"தப்பா எடுத்துக்காத ரெய்னோ. நல்ல நாய் நல்ல சமையக்காரி மாதிரி. ஆக்கி வச்சத திங்க ஆள் வேணும் அதுக்கு. உன்கிட்ட அது வீணாப் போகுது."

அன்று சாயங்காலம் கூட்டுறவுக் கடையில் காபி குடிக்கிற இடத்தில், ஏழெட்டுப் பேர் முன்னால் அவன் இதையே திருப்பிச் சொன்னான். எனக்குச் சுரீரென்று ஏறிவிட்டது. கோளாறு என் கையில் இல்லை, என் துப்பாக்கியில் என்று சொன்னேன். என்னுடையது ஹெல்வியின் அண்ணன் விட்டுப்போன ஒற்றைக்குழல், நீளமும் கனமுமானது. அடர்ந்த புதருக்குள் அதைத் திருப்புவதற்குள் பறவை எல்லை தாண்டிக் கனடாவுக்குப் போய்விடும்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றான் கிளாரன்ஸ். எல்லோரும் சிரித்தார்கள்.

"பழைய இரட்டைக்குழல் ஒண்ணு வாங்கறேன். இந்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமைக்குள்ள ஹில்மா நிக்கற இடத்துல ஒரே ஒரு பறவையாவது வீழ்த்தலைன்னா, அவள நீயே வச்சுக்க."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். எங்கள் ஊரில் கூட்டுறவுக் கடையில் சொன்ன சொல் தேவாலயத்தில் சொன்னதைவிடப் பெரியது. கிளாரன்ஸ் சிரிக்கவில்லை. "சரி" என்று மட்டும் சொன்னான். அவனுக்கு நாய் உண்மையிலேயே வேண்டியிருந்தது. அது என்னை இன்னும் பயமுறுத்தியது.

ஆர்டிஸ் பூஷார்ட் தன் பண்ணையில் பழைய பால் அறையைக் காலிசெய்து துப்பாக்கி விற்றுக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். மாடுகளை விற்ற பிறகும் மாட்டை அதட்டுகிற குரல் அப்படியே இருந்தது. மறுநாள் நானும் ஹெல்வியும் போனோம். ஹெல்வியை நான் கூப்பிடவில்லை. "நீ தனியாப் போனா அழகா இருக்கறத வாங்கிட்டு வருவ" என்று சொல்லி வண்டியில் ஏறிக்கொண்டாள்.

பதினாறாம் குழல் அளவில் பழைய இரட்டைக்குழல் இரண்டுதான் ஆர்டிஸிடம் இருந்தன. முதலாவதைத் துணியிலிருந்து அவள் பிரித்தபோது எனக்கு மூச்சு நின்றுவிட்டது. செப்புச் சுரங்கக் காலத்தில் ஒரு சுரங்கக் கேப்டன், அதாவது வேலை மேற்பார்வையாளர், ஐரோப்பாவிலிருந்து தருவித்ததாம். இரும்பில் திராட்சைக் கொடி செதுக்கியிருந்தது, நடுவில் இரண்டு நாய்கள். தோளில் வைக்கிற கட்டையின் மரத்தில் தேன் ஓடுவது போல ரேகைகள். கிளாரன்ஸின் துப்பாக்கி இதன் பக்கத்தில் மண்வெட்டிப் பிடி.

இரண்டாவதை அவள் துணியில் சுற்றியே வைத்திருக்கவில்லை. மூலையில் துடைப்பத்தோடு நின்றிருந்தது. கட்டையின் ஒரு பக்கத்தை ஏதோ கொறித்துத் தின்றிருந்தது.

"முள்ளம்பன்றி," என்றாள் ஆர்டிஸ். "வேட்டை முகாம் வெளிவாசல்ல வச்சிட்டாங்க. கை வேர்வை உப்புக்காக ராத்திரியெல்லாம் கடிச்சிருக்கு. மேலாகத்தான் போயிருக்கு. உள்ள மரம் கெட்டி."

இரண்டையும் கழற்றி, குழல்களை மட்டும் விரலில் தொங்கவிட்டு, விரல் கணுவால் ஒரு தட்டுத் தட்டினாள். இரண்டும் கோயில் மணி மாதிரி கணீரென்றன. இரு குழல்களையும் சேர்க்கிற பற்றவைப்பு விட்டிருந்தால் ஓட்டைப் பானை மாதிரி சத்தம் வரும். பழைய குழல் என்பதால் குட்டைத் தோட்டாதான் போட வேண்டும், அதை மறந்தால் முகம் போய்விடும் என்று சொன்னாள். அதுவரை இரண்டுக்கும் வித்தியாசமில்லை.

"இப்ப கண்ண மூடுங்க," என்றாள் என்னிடம். "துப்பாக்கியத் தோளுக்குத் தூக்குங்க. கன்னம் கட்டையில பட்டதும் கண்ணத் திறங்க. செவுத்துல அந்த ஆணி தெரியுதா பாருங்க."

முள்ளம்பன்றி கடித்ததை முதலில் கொடுத்தாள். கண்ணை மூடித் தூக்கினேன். திறந்தேன். குழலின் முனைமேல் ஆணி உட்கார்ந்திருந்தது. மறுபடி செய்யச் சொன்னாள். மறுபடியும் ஆணி. பத்து முறை தூக்கினேன், பத்து முறையும் ஆணி. என் வாழ்நாளில் எந்தத் துப்பாக்கியும் இப்படி என் தோளுக்குத் தானாக வந்து உட்கார்ந்ததில்லை.

"இது யாருக்குச் செஞ்சது?" என்று கேட்டேன்.

"சுரங்க ஆஸ்பத்திரி டாக்டரோட பொண்டாட்டிக்கு. குள்ளமா, தோள் அகலமா இருந்த பொம்பளையாம். அடியில பேர் இருக்கு பாருங்க."

புரட்டிப் பார்த்தேன். கட்டையின் அடியில் முட்டை வடிவ வெள்ளித் தகடு. அதில் பூ வேலையோடு 'மேபல்' என்று எழுதியிருந்தது.

அங்கேயே என் மனம் மூடிக்கொண்டது. எங்கள் ஊரை உங்களுக்குத் தெரியாது. பத்தொன்பது வயதில் ஒரு தடவை ஏரியில் விழுந்தவனை எழுபது வயதிலும் 'மீன்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவன் கல்லறையிலும் அதைத்தான் எழுதப்போகிறார்கள். மேபல் என்று பொறித்த துப்பாக்கியோடு நான் காட்டுக்குப் போனால் மிச்ச ஆயுசுக்கும் நான் யார் என்பது முடிவாகிவிடும்.

"அந்த இன்னொண்ணக் கொடுங்க," என்றேன்.

கேப்டனின் துப்பாக்கியைக் கண்ணை மூடித் தூக்கினேன். கட்டை அக்குளில் சிக்கியது. இழுத்து வைத்துக் கண்ணைத் திறந்தால் பின்பக்கத்து இரும்புதான் தெரிந்தது. ஆணியும் இல்லை, சுவரும் இல்லை. ஆனால் திராட்சைக் கொடி கண்ணுக்கு வெகு பக்கத்தில் இருந்தது, அது அழகாகவும் இருந்தது. நான் மெல்லக் கழுத்தை முன்னால் நீட்டினேன். தலையைச் சற்றே தூக்கினேன். குதிகாலையும் கொஞ்சம்.

"இப்ப ஆணி தெரியுது."

"எனக்கு உங்க கழுத்துதான் தெரியுது," என்றாள் ஆர்டிஸ். "வாத்து எட்டிப் பாக்கற மாதிரி."

"போகப் போகப் பழகிடும்."

"பறவை உங்களுக்காகக் காத்துக்கிட்டு நிக்காது ரெய்னோ. ஒரு நொடிதான். அந்த நொடியில கழுத்து தன் பழைய இடத்துக்குத்தான் போகும்."

ஹெல்வி அதுவரை ஜன்னல் வழியாக ஆர்டிஸின் முட்டைக்கோஸ் பாத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே பேசினாள். "செருப்புக்குத் தகுந்த மாதிரி கால வெட்டிக்கற மனுஷன இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"உனக்கென்ன தெரியும் துப்பாக்கியப் பத்தி?"

"துப்பாக்கியப் பத்தித் தெரியாது. உன்னப் பத்தித் தெரியும்."

என் பழைய ஒற்றைக்குழலையும் பனியில் ஓட்டுகிற ஸ்னோமொபைலையும் கொடுத்துவிட்டுக் கேப்டனின் துப்பாக்கியை வாங்கினேன். வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்து பார்த்தால், ஹெல்வி அந்த முள்ளம்பன்றிக் கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறாள்.

"இது எதுக்கு?"

"தோட்டத்துக்கு முயல் வருது."

"நீ சுடுவியா?"

"ஆள் கிடைக்காமயா போகும்," என்றாள்.

முதல் மூன்று நாள் எனக்குத் திருவிழாதான். கூட்டுறவுக் கடையில் துப்பாக்கி கைமாறிக் கைமாறிப் போனது. மரத்தைத் தடவாத ஆள் இல்லை. கிளாரன்ஸும் வாங்கித் தோளுக்குத் தூக்கினான். அவன் கண்ணை மூடக்கூட இல்லை. அது அவன் தோளில் போய், பிறந்த வீட்டுக்கு வந்தது போல உட்கார்ந்தது.

"எனக்கே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்குடா," என்றான்.

எனக்கு அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

பிறகு காட்டுக்குப் போனோம். ஹில்மா நின்றாள். பறவை கிளம்பியது. கேப்டனின் கட்டை என் கோட்டின் அக்குளில் சிக்கியது. விடுவித்து, கழுத்தை நீட்டி, தலையைத் தூக்குவதற்குள் வானத்தில் பறவை இருந்த இடம் மட்டும் இருந்தது. அதைச் சுட்டேன். அடுத்த நாளும் அப்படியே. கழுத்து பழகவில்லை என்று வீட்டில் கண்ணாடி முன்னால் காலையில் ஐம்பது, மாலையில் ஐம்பது முறை பயிற்சி எடுத்தேன். ஹெல்வி மாவு பிசைந்துகொண்டே பார்ப்பாள். ஒன்றும் சொல்ல மாட்டாள். அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் நான் செய்வது தப்பு என்று அர்த்தம். நான் இன்னும் வேகமாகப் பயிற்சி எடுத்தேன்.

வியாழக்கிழமை கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டது. சனிக்கிழமை சானா என்கிற ஆவிக் குளியல் அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். சானா வழக்கப்படி கிளாரன்ஸ் பிர்ச் மரக் கிளையால் கழுத்தில் அடித்துப் பார்த்தான்.

"எந்தப் பக்கம் திரும்புது?"

"இடது பக்கம் மட்டும்."

"அப்ப இடது பக்கமாப் பறக்கற பறவையா பாத்து நிக்கச் சொல்லு ஹில்மாகிட்ட."

அதுவும் பலிக்காமல், அன்று ராத்திரியே மருத்துவமனையில் கழுத்துக்கு ஒரு பட்டை மாட்டி அனுப்பினார்கள்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை வெளுப்பதற்கு முன்பே கிளாரன்ஸ் வந்துவிட்டான். நான் சமையலறை ஜன்னலில் நின்று, வாசல் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். வண்டியைக் கழுவியிருந்தான். அவன் வண்டி கழுவி நான் பார்த்ததே இல்லை. முன்சீட்டில் பழைய மெத்தை விரிப்பு ஒன்றை நாலாக மடித்து, ஓரம் பிசகாமல் விரித்திருந்தான். அதன்மேல் புதுச் சிவப்புக் கயிறு ஒன்று சுருட்டி வைத்திருந்தது.

அந்த விரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவன் கிண்டல் செய்திருந்தால் தாங்கியிருப்பேன். அவன் ஹில்மாவுக்குக் குளிருமே என்று யோசித்திருக்கிறான். நாளைக் காலையில் அந்தச் சீட்டில் அவள் உட்கார்ந்திருப்பாள், என் வீட்டு வாசலைத் தாண்டி வண்டி போகும், அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். எனக்கு அழுகை வந்தது. கழுத்துப் பட்டையோடு அழுவதும் கஷ்டமாக இருந்தது.

கேப்டனின் துப்பாக்கி சுவரில் மாட்டியிருந்தது. காலை விளக்கில் அந்த மரம் இன்னும் அழகாக இருந்தது. மற்றது உருளைக்கிழங்கு மூட்டைமேல் சாய்த்து வைத்திருந்தது. யாரோ எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தார்கள். அந்த வீட்டில் என்னைத் தவிர இருந்தது ஒரே ஆள்.

ஹெல்வி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காபி ஊற்றினாள்.

"முயலுக்கு இன்னிக்கு வேணுமா அது?" என்று கேட்டேன்.

"முயல் ஒரு நாள் பொறுத்துக்கும்," என்றாள்.

எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். கிளாரன்ஸ் முதலில் கடிபட்ட கட்டையைப் பார்த்தான், பிறகு என்னிடமிருந்து வாங்கிப் புரட்டிப் பார்த்தான். வெள்ளித் தகட்டை விளக்கு வெளிச்சத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தான். அப்புறம் வண்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டான். வெகுநேரம் நிமிரவே இல்லை.

"ஏறுங்க மேபலம்மா," என்றான் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "கழுத்துல நகையெல்லாம் போட்டுக்கிட்டு வந்திருக்கீங்க."

"சிரிச்சு முடிச்சியா?"

"இல்லடா. இது வருஷக்கணக்குல ஓடும்."

காட்டில் இலையெல்லாம் உதிர்ந்து ஈரமாகக் கிடந்தது. கால் மணி நேரத்தில் ஹில்மா ஒரு விழுந்த மரத்தின் பக்கம் நின்றாள். நான் முன்னால் போனேன். கௌதாரி பட்பட்டென்று வெடித்துக் கிளம்பியது. கழுத்தை நீட்ட முடியவில்லை, பட்டை விடவில்லை. குதிகாலைத் தூக்கவும் நேரமில்லை. கை தானாகத் தூக்கியது, விரல் தானாக விசையை அழுத்தியது. நான் யோசிக்கவே இல்லை. பறவை காற்றில் மடிந்து கீழே விழுந்தது.

"விழுந்துருச்சு," என்றான் கிளாரன்ஸ்.

"நீ சுட்டியா?"

"நான் தூக்கவே இல்லடா."

ஹில்மா ஓடினாள், இலைக்குள் தலையை விட்டாள், பறவையைக் கவ்விக்கொண்டு துள்ளி வந்தாள். நான் மண்டியிட்டுக் கையை நீட்டினேன். அவள் என் கையைச் சுற்றிக்கொண்டு போய், கிளாரன்ஸின் பூட்ஸ்மேல் பறவையை வைத்துவிட்டு வாலை ஆட்டினாள்.

கிளாரன்ஸ் காலை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"நான் சுடல," என்றான் கிளாரன்ஸ் நாயைப் பார்த்து. "இங்க பாரு, குழல் சூடே இல்ல. மோந்து பாரு." துப்பாக்கியைத் திறந்து அவள் மூக்குக்குக் காட்டினான். அவள் அவன் கையை நக்கினாள். கிளாரன்ஸ் பறவையை எடுக்கவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மரத்தைப் பார்த்தான். வாக்குப்படி நாய் என்னுடையது. அது நாய்க்குத்தான் தெரியவில்லை.

எனக்கு வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. "அவ நம்பல, கிளாரன்ஸ். விழுந்தா நீ சுட்டதுன்னுதான் அவளுக்கு."

"மூணு வருஷப் பழக்கம்டா. நான் இங்க நின்னா என்னத்தான் பாக்கும்." அவன் தோட்டாக்களை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். "நான் வண்டிக்குப் போறேன். காபி சூடா இருக்கு."

"உன் வேட்டை?"

"முழங்கால் வலிக்குது."

அவனுக்கு முழங்கால் வலித்து நான் கேள்விப்பட்டதில்லை. நடந்து போகும்போது எந்தக் கால் வலிக்கிற கால் என்பதை அவனே இரண்டு தடவை மாற்றிக்கொண்டான்.

ஹில்மா அவன் பின்னால் இருபதடி போனாள். நின்று என்னைப் பார்த்தாள். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டு வருகிற நாயை வைத்துக்கொண்டு என்ன செய்ய? பறவையைப் பையில் போட்டுக்கொண்டு புதருக்குள் நடந்தேன். முதுகுப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. கழுத்துத் திரும்பாதவனுக்கு அது ஒரு வசதி, திரும்பிப் பார்க்கிற ஆசையே வராது. நூறு கஜம் போன பிறகு இலை மிதிபடும் சத்தம் கேட்டது. அவள் என்னைக் கடந்து முன்னால் ஓடினாள், முகத்தைப் பார்க்காமல்.

ஓடைக்கரையில் மறுபடி நின்றாள். இந்தப் பறவை தாழ்வாக, வளைந்து பறந்தது. முதல் குழலில் தவறவிட்டேன். ஆனால் இரட்டைக்குழலுக்கு இன்னொரு விசை உண்டு. கன்னம் கட்டையை விட்டு விலகவே இல்லை, குழல் பறவை போன வழியே போனது. இரண்டாவதில் விழுந்தது.

ஹில்மா கவ்விக்கொண்டு வந்தாள். வந்த வேகத்தில் என்னைத் தாண்டி ஓடி, பாதை வரைக்கும் போய், வாயில் பறவையோடு இரண்டு பக்கமும் பார்த்தாள். கிளாரன்ஸ் இல்லை. ஒரு மரத்துக்குப் பின்னாலும் பார்த்தாள். அங்கேயும் இல்லை. மெதுவாகத் திரும்பி வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்தாள், துப்பாக்கியைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். எனக்குக் கண்ணீர் வழிந்து பட்டைக்குள் இறங்கியது. துடைக்கவில்லை. அசைந்தால் போய்விடுவாளோ என்று பயம்.

மூக்கால் ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு கழுத்தை நீட்டி, பறவையை என் உள்ளங்கையில் வைத்தாள்.

வேறு ஆள் இல்லாததால்தான் கொடுத்தாள், எனக்குத் தெரியும். முப்பத்தைந்து வருடத்துக்கு முன் நடனக் கூடத்தில், வருவதாகச் சொன்ன பையன் வராமல் போனதால்தான் ஹெல்வி என்னோடு ஆடினாள். அன்றைக்கும் நான் காரணம் கேட்கவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.